பிள்ளை லோகாசார்யர்: காப்பவனைக் காத்த ஆசார்யர்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டை நாம் நாள்தோறும் சேவிக்கிறோம். கோயில்களில் அருளிச்செயல் கோஷ்டி தொடங்குவதும் அப்பிரபந்தத்தைக் கொண்டே. அதன் வியாக்கியானத்தைக் காலக்ஷேபமாகக் கேட்கப் புகுவார்க்கு முதலில் எழும் ஐயம் ஒன்று உண்டு. அனைத்துலகையும் காப்பவன் ஸர்வேச்வரன். அவனால் காக்கப்படும் பொருள் ஜீவாத்மா. அங்ஙனமிருக்க, காப்பவனுக்கு என்ன தீங்கு விளையுமோ என்று காக்கப்படுபவன் அஞ்சுவதும், அவனுக்குக் காப்பிடுவதும் எங்ஙனே பொருந்தும்?

நம் பூர்வாசார்யர்கள் இதற்குப் பலபடியாலும் விடை அருளிச்செய்துள்ளார்கள். அவர்களுள் பிள்ளை லோகாசார்யர் தமது நூலாலும் விடை தந்தார். தமது இறுதி நாட்களாலும் விடை தந்தார். திருவரங்கம் பெரிய கோயில் தன் நெடிய வரலாற்றில் கண்ட மிகக் கொடிய காலத்தில் அவர் செய்த கைங்கர்யமே அந்த இரண்டாவது விடை. ஆகவே அவருடைய திவ்ய சரிதத்தையும் அக்கோயிலின் சரிதத்தையும் பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டையும் சேர்த்தே இங்கு அநுபவிப்போம்.

திருவவதாரம்

உபயகாவேரி மத்தியில் ஏழு திருமதில்களுக்குள் பெரிய பெருமாள் கண்வளர்ந்தருளும் திருவரங்கத்தை நம்மவர்கள் கோயில் என்ற ஒரு சொல்லாலேயே குறிப்பார்கள். எம்பெருமானார் அங்கே நித்யவாஸம் செய்து, கோயில் கொத்துக்களை வகுத்து, திருவாராதனமும் உத்ஸவங்களும் குறைவற நடக்க வழிசெய்தருளினார். அவருக்குப் பின் எம்பார், பட்டர், நஞ்சீயர், நம்பிள்ளை என்று வந்த ஆசார்ய பரம்பரை அத்திருமதில்களுக்குள்ளேயே ஆழ்வார்களின் ஈரச்சொற்களுக்குப் பொருளுரைத்து வளர்ந்தது.

நம்பிள்ளையின் காலக்ஷேப கோஷ்டியில் திரளும் அடியார் கூட்டத்தைக் கண்டு, இது நம்பெருமாள் கோஷ்டியோ நம்பிள்ளை கோஷ்டியோ என்று வியந்தவர்கள் உண்டு. முதலியாண்டான் திருவம்சத்தவரான கந்தாடை தோழப்பர் நம்பிள்ளையை உலகுக்கெல்லாம் ஆசார்யர் என்னும் பொருள்பட லோகாசார்யர் என்று கொண்டாடினார். அத்திருநாமமே பின்பு நம் சரித நாயகரை வந்தடைந்தது.

நம்பிள்ளையின் சிஷ்யர்களுள் வடக்குத் திருவீதிப்பிள்ளை என்பார் ஒருவர். அவருக்கு ஸ்ரீக்ருஷ்ணபாதர் என்றும் திருநாமம் உண்டு. ஆசார்யர் பகலில் திருவாய்மொழிக்கு அருளிச்செய்த பொருள்களை இரவில் ஒன்றுவிடாமல் பட்டோலைப்படுத்தியவர் அவரே. ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று நாம் இன்று தலைமேல் கொள்ளும் வியாக்கியானம் இப்படிப் பிறந்தது. இல்லறத்தில் இருந்தும் பற்றற்றிருந்த அவருடைய நிலையைக் கண்டு அவரது திருத்தாயார் வருந்தி நம்பிள்ளையிடம் விண்ணப்பம் செய்ய, நம்பிள்ளை அனுக்ரஹித்தருளினார். ஐப்பசித் திருவோணத்தில் ஒரு திருக்குமாரர் அவதரித்தார். தம் ஆசார்யரின் திருநாமத்தையே தந்தையார் அக்குழந்தைக்குச் சாற்றினார். பின்னர் அழகிய மணவாளன் திருவருளால் இளைய குமாரரும் அவதரிக்க, அவருக்கு அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்று திருநாமம் ஆயிற்று.

உடன்பிறந்தார் இருவரும் இல்லறம் புகாமல் நைஷ்டிக ப்ரஹ்மசாரிகளாகவே வாழ்ந்தார்கள். தந்தையாரின் திருவடிகளிலே சாஸ்த்ரங்களையும் அருளிச்செயல்களின் ஆழ்பொருள்களையும் கற்று, கோயிலையும் காலக்ஷேபத்தையும் தவிர வேறொன்றறியாதவர்களாய் இருந்தார்கள்.

பதினெட்டு ரஹஸ்யங்கள்

திருமந்த்ரம், த்வயம், சரமச்லோகம் என்னும் ரஹஸ்யத்ரயத்தின் பொருள் அதுகாறும் ஆசார்யன் திருவாக்காலே சிஷ்யன் செவிக்குச் செல்வதாகவே பெரும்பாலும் இருந்தது. ஸம்ஸாரிகள் படும் துயரைக் கண்டு பொறுக்கமாட்டாத பிள்ளை லோகாசார்யர் அப்பொருள்களை நூல்களாக அருளிச்செய்தார். முமுக்ஷுப்படி, தத்வத்ரயம், ஸ்ரீவசன பூஷணம் முதலாகப் பதினெட்டு ரஹஸ்ய க்ரந்தங்கள் அவர் நமக்கு அளித்த நிதி. வடமொழி வல்லார்க்கும் தமிழ் மட்டுமே அறிந்தார்க்கும் உதவும்படி மணிப்ரவாள நடையில், சிறுசிறு சூர்ணிகைகளாக அவை அமைந்தன. ஸ்ரீவசன பூஷணம் 463 சூர்ணிகைகளைக் கொண்டது. பெண்டிரும், சாஸ்த்ரப் பயிற்சி இல்லாத எளியோரும் கேட்டு உய்யவேண்டும் என்பதே அவர் திருவுள்ளம்.

இளையவரான நாயனாரும் நம்மாழ்வாரின் திருவுள்ளத்தைத் திறந்து காட்டும் ஆசார்ய ஹ்ருதயத்தை அருளிச்செய்து, திருப்பாவைக்கு விரிவான வியாக்கியானமும் செய்தார். ஆனால் அவர் தமையனாருக்கு முன்னமே திருநாடு அலங்கரித்தார். பிரிவாற்றாது தமையனார் தம்பியின் திருமுடியை மடியில் வைத்துக்கொண்டு கலங்கினார் என்று பெரியோர் சொல்வர். ஞானத்தால் நிறைந்தவர்க்கும் அன்பினால் கண்ணீர் உண்டு என்பதை இதனால் அறிகிறோம். பின்னால் நிகழப்போவதை அறியவும் இது உதவும்.

ஸ்ரீவசன பூஷணத்தில் இரண்டு இடங்களை நாம் இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

முதலாவது, அர்ச்சாவதாரத்தின் எளிமை. எம்பெருமானுடைய ஐந்து நிலைகளையும் நீருக்கு ஒப்பிட்டு அவர் காட்டுகிறார். அந்தர்யாமியாய் நிற்கும் நிலை நிலத்தடி நீர் போன்றது, தோண்டினால்தான் கிட்டும். பரமபதத்து நிலை அண்டத்துக்கு அப்பால் சூழ்ந்த நீர் போன்றது. வ்யூஹம் பாற்கடல் போன்றது. ராமக்ருஷ்ணாதி விபவங்கள் பெருகி ஓடிய ஆறு போன்றவை. அக்காலத்தில் இருந்தவர்க்கே உதவின. அர்ச்சாவதாரமோ அவ்வாற்றுப் பெருக்கு வடிந்தபின் மடுக்களில் தேங்கி நிற்கும் நீர். பின்னே பிறந்து, தாகத்தோடு வருபவனும் குனிந்து பருகலாம்.

இரண்டாவது, மங்களாசாஸனத்தின் ஏற்றம். ஞான நிலையில் அவன் காப்பவன், நாம் காக்கப்படுபவர் என்னும் முறை மாறாது. அன்பு முற்றிய நிலையிலோ அம்முறை தலைகீழாகிவிடும். அவனுடைய வலிமை கண்ணில் படாது. அவனுடைய மென்மையே கண்ணில் படும். கங்கைக்கரையில் பெருமாள் தரையில் கண்வளர்ந்த இரவில், காவல் நின்ற இளையபெருமாளையும் ஐயுற்று ஸ்ரீகுஹப்பெருமாள் வில்லேந்தி நின்றார். அவருடைய கூட்டத்தாரோ அவ்விருவரையுமே ஐயுற்றுக் காவல் நின்றார்கள். பெருமாளிடம் வைத்த பரிவு ஒருவரையும் நம்பவிடாது என்று இதனை எடுத்துக்காட்டி, இத்தகைய கலக்கத்தைக் குற்றமாகக் கொள்ளாமல் ஆத்ம ஸ்வரூபத்துக்கு அணியாகவே கொள்கிறார் பிள்ளை லோகாசார்யர். திருப்பல்லாண்டைப் பற்றி எழுந்த ஐயத்துக்கு நூலால் தந்த விடை இது.

மணற்பாக்கத்து நம்பி

காஞ்சிப் பேரருளாளப் பெருமாளே பிள்ளை லோகாசார்யராய் அவதரித்தார் என்பது நம் ஸம்ப்ரதாயம். இதற்கு ஓர் ஐதிஹ்யம் உண்டு. மணற்பாக்கம் என்னும் ஊரில் இருந்த நம்பி ஒருவருக்குப் பேரருளாளர் கனவிலே சில அர்த்த விசேஷங்களை அருளிச்செய்து, எஞ்சியவற்றை இரண்டு ஆறுகளின் நடுவே விரித்துரைப்போம், அங்கே சென்றிரும் என்று நியமித்தார். நம்பியும் திருவரங்கத்துக்கு வந்து காத்திருந்தார். ஒருநாள் காட்டழகியசிங்கர் ஸந்நிதியில் அவர் இருக்கையில், பிள்ளை லோகாசார்யர் தம் சிஷ்யர்களோடு அங்கே எழுந்தருளி ரஹஸ்யார்த்தங்களை உபதேசிக்கலானார். மறைவிலிருந்து கேட்ட நம்பிக்குத் திகைப்பு உண்டாயிற்று. காஞ்சியில் கனவில் கேட்டவை எவையோ அவையே இங்கும் ஒலித்தன; அவற்றின் தொடர்ச்சியும் ஒலித்தது. நம்பி வெளிப்பட்டுத் திருவடிகளில் விழுந்து, அவர்தாமோ தேவரீர் என்று கேட்க, ஆசார்யரும் அதனை மறுத்திலர். அன்று முதல் நம்பியும் அக்கோஷ்டியில் ஒருவரானார்.

அக்கோஷ்டியின் அமைப்பையும் நோக்கவேண்டும். கூரகுலோத்தம தாஸர் அதில் இருந்தார். திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவரும், குலத்தால் ஈழவருமான விளாஞ்சோலைப்பிள்ளையும் இருந்தார். பின்னர் ஸ்ரீவசன பூஷணத்தின் ஸாரத்தை ஸப்தகாதை என்னும் ஏழு பாட்டுக்களில் வடித்தவர் இவ்விளாஞ்சோலைப்பிள்ளையே. பாண்டிநாட்டைச் சேர்ந்த ஓர் அம்மையாரும் ஆசார்யரின் திருவடிகளைப் பற்றியிருந்தார். அவ்வம்மையாரின் திருக்குமாரர் திருமலையாழ்வார். இவரைப் பின்னே மீண்டும் காண்போம்.

கலாபம்

இப்படி நாட்கள் செல்லுகையில் திருவரங்கத்துக்குப் பேரிடர் வந்தது. 1323-ஆம் ஆண்டில் தில்லி ஸுல்தானின் குமாரர் உலுக்கான் தலைமையில் பெரும்படை தென்னாட்டுக்குள் புகுந்து மதுரையை நோக்கி வந்தது. வழியில் இருந்த திருவரங்கமும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. திருநாள் நடந்துகொண்டிருந்த வேளையில் படை வந்து சேர்ந்தது என்றும், பன்றியாழ்வான் மேட்டில் திரண்டிருந்த அடியார்கள் 12,000 பேர் தம் தலைகளை இழந்தார்கள் என்றும் கோயிலொழுகு கூறும். பன்னீராயிரவர் முடி திருத்திய கலாபம் என்று திருவரங்கத்தார் அதனை இன்றும் சொல்வர்.

மூலமூர்த்தியான பெரிய பெருமாளை அசைக்க இயலாது. ஆகவே கர்ப்பக்ருஹ வாசலைக் கல்லால் அடைத்து, ஸந்நிதி இருந்த சுவடே தெரியாதபடி செய்தார்கள். ஸ்ரீரங்கநாச்சியாரை வில்வமரத்தடியில் எழுந்தருளப்பண்ணி மறைத்தார்கள். உத்ஸவ மூர்த்தியான அழகிய மணவாளனை நாச்சிமாருடன் வெளியே எழுந்தருளப்பண்ணிக் காப்பது என்று முடிவாயிற்று. அப்பெரும் பொறுப்பைத் தலைமேல் கொண்டவர் பிள்ளை லோகாசார்யர்.

அப்போது அவர் முதுமை முற்றிய நிலையில் இருந்தார். வாழ்நாள் முழுதும் கோயில் திருமதில்களுக்குள் இருந்து க்ரந்தம் எழுதியும் உபதேசித்தும் வந்த திருமேனி அது. காட்டுவழியும் இரவுப் பயணமும் அவர் அறிந்தவை அல்ல. இளையவரான சிஷ்யர்களை அனுப்பிவிட்டுத் தாம் பாதுகாப்பான ஓரிடத்தில் ஒதுங்கியிருந்தாலும் அவரைக் குறைகூறுவார் இல்லை. எம்பெருமான் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்று சாஸ்த்ரத்தைக் காட்டி இருந்துவிடவும் வழி இருந்தது. அவனையொழிய வேறு உபாயம் இல்லை என்று உலகுக்கு உபதேசித்தவர் அவர் அன்றோ! ஆனால் தமக்கு அவன் உபாயம் என்னும் உறுதி வேறு. அவனுக்குத் தாம் செய்யும் பரிவு வேறு. தம் நலத்துக்காக ஒரு விரலையும் அசைக்க வேண்டாதவர், அவன் நலத்துக்காக நடக்க முற்பட்டார். உபாயத்தில் கைவிட்ட முயற்சி கைங்கர்யத்தில் வந்து நிறைந்தது.

அதே கலாபத்தில் வேதாந்த தேசிகர் செய்தருளிய உபகாரத்தையும் இங்கு நினைப்பது தகும். ஸ்ரீபாஷ்யத்துக்கு உரையான ச்ருதப்ரகாசிகையையும், அதனை இயற்றிய ஸுதர்சன பட்டரின் குமாரர்கள் இருவரையும் அவர் காத்துக்கொண்டு கர்நாடகத்து ஸத்யாகாலத்துக்கு எழுந்தருளினார். உயிர்துறந்தவர்களின் நடுவே அவரும் உயிரற்றவர் போல் கிடந்து தப்பினார் என்பர். ஒரே நாளில் ஒரு மஹான் நூலையும் சிறுவர்களையும் சுமந்தார். மற்றொரு மஹான் பெருமாளையே சுமந்தார். இவர்கள் இருவருக்கும் ஸ்ரீவைஷ்ணவ உலகு முழுதும் கடன்பட்டுள்ளது.

ஜ்யோதிஷ்குடி

பெருமாளைத் திருமூடுபல்லக்கில் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு சிறு கூட்டம் ஒன்று தெற்கு நோக்கிச் சென்றது. வழியில் கள்வர்கள் மறித்துப் பெருமாளின் உடைமைகளைப் பறித்தனர். முன்னே சென்றுகொண்டிருந்த பிள்ளை லோகாசார்யர் அதனைக் கேட்டுத் திரும்பி வந்து, தம்மிடம் எஞ்சியிருந்தவற்றையும் அவர்களிடம் கொடுத்தார் என்று சொல்வர். பொருள் போனால் போகட்டும், பெருமாள் திருமேனிக்கு ஊறு வரலாகாது என்பதொன்றே அவருடைய கவலை. அடியார்கள் வீதிதோறும் நிரையாய் நின்று சேவித்த திருமேனி காட்டில் மறைந்து கிடந்தது. அங்கும் திருவாராதனம் விடப்படவில்லை. கிடைத்ததைக் கொண்டு, இயன்றபோது அமுது செய்வித்தார்கள்.

மதுரைக்கு அருகே யானைமலையின் அடிவாரத்தில் ஜ்யோதிஷ்குடி என்னும் சிற்றூரை அடைந்தார்கள். இன்று கொடிக்குளம் என்று வழங்கும் ஊர் அதுவே. முதுமையும் வழிநடைத் துன்பமும் சேர்ந்து ஆசார்யரின் திருமேனி அங்கே தளர்ந்தது. மேலே செல்ல இயலாது என்பதை அவர் அறிந்தார்.

அந்நிலையில் அவருக்கு இரண்டு கவலைகள் இருந்தன. பெருமாள் மறுபடி கோயிலுக்கு எழுந்தருளவேண்டும் என்பது ஒன்று. தம்மோடு இருந்த அடியார்களிடம் பெருமாளை ஒப்புவித்து, பயணத்தைத் தொடருமாறு நியமித்தார். ஆழ்வார்களின் அருளிச்செயல் பொருளும் ரஹஸ்யார்த்தங்களும் தம்மோடு முடிந்துவிடலாகாது என்பது மற்றொன்று. கேட்டவர்கள் பலர் மாண்டனர், எஞ்சியோர் சிதறினர். ஆகவே தம் சிஷ்யையின் குமாரரான திருமலையாழ்வாரை அவர் நினைத்தார். அவரோ அப்போது பாண்டிநாட்டு அரசியலில் அமைச்சராய் ஆழ்ந்திருந்தார். அவரைத் திருத்தி மீட்டு, தர்சனத்துக்குத் தலைவராக்கும்படி கூரகுலோத்தம தாஸருக்கு நியமித்தார். ஏனையோரிடம் எஞ்சியிருந்த அர்த்தங்களையும் அவர் கற்கும்படி வகைசெய்தார்.

கடைசி நாட்களில் அவர் அங்கே கண்ணுக்குப் புலப்பட்ட செடி கொடிகளையும், எறும்பு முதலான சிற்றுயிர்களையும் தம் திருக்கைகளால் ஸ்பர்சித்து அருளினார் என்பது ஐதிஹ்யம். மணிப்ரவாளமும் அறியாத அவ்வுயிர்களும் உய்யவேண்டும் என்னும் திருவுள்ளம். ஆனி மாதத்துக் க்ருஷ்ணபக்ஷ த்வாதசியில் அவர் திருநாடு அலங்கரித்தார். அடியார்கள் பெருமாளோடு அழகர் மலையை நோக்கிப் புறப்பட்டார்கள்.

திருவரங்கத்திலே உடலை விடவேண்டும் என்பது நம்மவர்களின் பேராசை. கோயிலிலே பிறந்து, கோயிலிலே வளர்ந்த பிள்ளை லோகாசார்யருக்கு அப்பேறு வாய்க்கவில்லை என்று தோன்றலாம். ஆனால் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது பெருமாள் அருகிலேயே இருந்தார். பெருமாள் எழுந்தருளியிருக்கும் இடம் எதுவோ அதுவே கோயில் என்று கொண்டால், யானைமலை அடிவாரம் அன்று திருவரங்கமாகவே இருந்தது.

மீண்டும் திருவரங்கம்

பெருமாள் அழகர் மலையிலிருந்து மலைநாட்டுக்கும், அங்கிருந்து திருக்கணாம்பி, திருநாராயணபுரம் வழியாகத் திருமலைக்கும் எழுந்தருளினார். திருமலையில் நெடுங்காலம் இருந்ததற்கு அங்குள்ள ரங்கநாயக மண்டபம் இன்றும் சான்று. விஜயநகரத்துக் குமார கம்பணர் மதுரை ஸுல்தான்களை வென்றபின், செஞ்சியில் இருந்த அவருடைய தளபதி கோபணார்யர் திருமலையிலிருந்து பெருமாளைச் செஞ்சியை அடுத்த சிங்கவரத்துக்கு எழுந்தருளப்பண்ணினார். அங்கிருந்து 1371-ஆம் ஆண்டில் பெருமாள் திருவரங்கத்துக்கு எழுந்தருளினார். சகம் 1293 என்னும் ஆண்டுக் குறிப்போடு இதனைப் போற்றும் வடமொழிக் கல்வெட்டு கோயில் சுவரில் உள்ளது.

புறப்பட்டு 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. பழைய மூர்த்தியை நேரில் சேவித்தவர்கள் அரிதாகிவிட்டார்கள். இடைக்காலத்தில் வேறொரு உத்ஸவ மூர்த்தியும் எழுந்தருளியிருந்தார். வந்தவர் பழைய அழகிய மணவாளன்தானா என்னும் ஐயம் எழுந்தது. பெருமாளின் பரிவட்டங்களைத் துவைக்கும் கைங்கர்யம் செய்துவந்த ஈரங்கொல்லி ஒருவர், வயது முதிர்ந்து கண்பார்வையும் இழந்து, ஊரில் இருந்தார். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து அந்த ஈரவாடைத் தீர்த்தங்களைத் தமக்குத் தருமாறு அவர் கேட்டார். அவற்றைப் பருகியவர், திரும்பி வந்த பெருமாளின் தீர்த்தத்திலே பழைய கஸ்தூரி மணத்தை உணர்ந்து, இவரே நம் பெருமாள் என்று அறுதியிட்டார். நம்பெருமாள் என்னும் திருநாமம் அதனால் நிலைபெற்றது என்பது கோயில் ஐதிஹ்யம். இடைக்காலத்தில் இருந்த மூர்த்தி திருவரங்க மாளிகையார் என்னும் திருநாமத்தோடு இன்றும் அங்கே எழுந்தருளியிருக்கிறார். அரசர் சான்றோ பண்டிதர் சான்றோ வேண்டாமல், ஒரு கைங்கர்யபரரின் நினைவே பெருமாளை அடையாளம் காட்டியது.

மற்றைக் கவலையும் தீர்ந்தது. கூரகுலோத்தம தாஸர் பலகாலம் முயன்று திருமலையாழ்வாரை அரசியலிலிருந்து மீட்டார். நம்பிள்ளை ஈயுண்ணி மாதவரிடம் ஒப்புவித்த ஈடு, ஓராண்வழியாய் வந்து நாலூர் ஆச்சான்பிள்ளையிடம் இருந்தது. அதனைத் திருமலையாழ்வார் அவரிடம் கற்றார். விளாஞ்சோலைப்பிள்ளையிடம் ஸ்ரீவசன பூஷணத்தின் உட்பொருளைக் கேட்டார். திருவாய்மொழியில் ஆழங்கால்பட்டுத் திருவாய்மொழிப்பிள்ளை என்றே பெயர் பெற்றார். அவருடைய சிஷ்யர் மணவாள மாமுனிகள். முமுக்ஷுப்படி, தத்வத்ரயம், ஸ்ரீவசன பூஷணம் ஆகியவற்றுக்கு வியாக்கியானம் அருளிச்செய்த மாமுனிகள், நம்பெருமாள் நியமனத்தால் அவர் திருமுன்பே ஓராண்டு காலம் ஈட்டைக் காலக்ஷேபமாக ஸாதித்தார். கேட்பவராக நம்பெருமாள் வீற்றிருந்தார்; சொல்பவராக மாமுனிகள் இருந்தார். பெருமாளும் ஈடும் ஒரே மண்டபத்தில் சேர்ந்த அந்நாளை ஜ்யோதிஷ்குடியில் கிடந்த ஆசார்யர் காணவில்லை. ஆனால் அவர் இறுதியில் இட்ட கட்டளைகள் இரண்டும் அங்கே ஒருங்கே நிறைவேறின.

கொடிக்குளத்தில் பிள்ளை லோகாசார்யரின் திருவரசு இன்றும் உள்ளது. திருவரங்கத்துக்குச் செல்வார் பலர். யானைமலை அடிவாரத்துக்குச் செல்வார் சிலரே. மதுரைக்கும் அழகர் மலைக்கும் யாத்திரை செய்யும் அடியார்கள் அங்கும் சென்று சேவிப்பது தகும். எந்நாட்டில் இருந்தாலும், நாம் இல்லத்தில் திருப்பல்லாண்டு தொடங்கும்போது, அதன் பொருளைக் காட்டுவழியில் நடந்து காட்டிய அம்முதியவரை ஒருகணம் நினைப்போமாக. ஐப்பசித் திருவோணத்திலும் ஆனி த்வாதசியிலும் அவரை அநுஸந்திப்பது நாம் செய்யக்கூடிய சிறு நன்றி.

பிள்ளை லோகாசார்யர் திருவடிகளே சரணம்.